முதல் பங்கும் முதல் கிளாசும்

பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். லீவு நாளில் பெரியப்பா, சித்தப்பாவோடு படகேறி வலை இழுக்கிற பையனுக்கும், இறால் விற்ற காசில் ஒரு பங்கு உண்டு. அதைக் கொண்டு வந்து கையில் வைக்கும்போது எந்தத் தாய்க்குத்தான் பூரிப்பு இருக்காது! ஆனால் அந்தப் பங்கோடு சேர்ந்து இன்னொன்றும் வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"புள்ள குளிர்ல நடுங்குது, ஒரு மொடக்கு குடுத்தா சரியாப் பூடும்" என்று முதல் கிளாசை நீட்டுகிறவர் முன்பின் தெரியாத ஆளில்லை, வீட்டுப் பெரியவர்தான். யார் எந்த நாளில் எங்கே வலை விடுவது என்பதைப் பாடு முறையில் இம்மி பிசகாமல் நடத்துகிற ஊர், இதற்கு மட்டும் கட்டுப்பாடு வைக்கவில்லையே!

போன ஐப்பசி மழையில் என் மகனுக்கும் நீட்டினார்கள். வயது 15. வாங்காமல் வந்து என்னிடம் சொன்னான். நேரே என் கணவரின் அண்ணனிடம் போனேன்.

"மாமா, நாளையிலேர்ந்து அவன் படகேற மாட்டான்."

"இன்னாம்மா இது, சம்பாதிக்கிற ஆம்பளப் புள்ள..."

"சம்பாதிச்சா மூளை முத்திடுமா மாமா?"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு பங்கு குறைந்ததில் மளிகைக் கடன் வேறு ஏறியது.

நான் கேட்டது கோபத்தில் கேட்டதில்லை. மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறதாம். நிதானித்து முடிவெடுக்கிற முன்பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. 15 வயதில் குடிக்கத் தொடங்குகிறவன் பின்னால் குடிக்கு அடிமையாகிற ஆபத்து மிக அதிகம்.

குளிருக்கு மருந்து என்பதும் வெறும் நம்பிக்கைதான். குடித்தவுடன் தோலடி ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூடு வந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியே போகிறது. ஈர உடம்போடு காற்றில் நிற்கிற பிள்ளைக்கு இது எத்தனை கெடுதல்! முகத்துவாரத்து இழுப்பில் கால் தடுமாறினால், நீச்சல் தெரிந்தும் என்ன பிரயோசனம்?

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. அது கடைக்குத்தானே என்பார்கள். 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவு, 18 வயது ஆகாத பிள்ளைக்கு மது கொடுத்தால் 7 வருஷம் வரை கடுங்காவல் என்கிறது. பெரியப்பாவுக்கு விலக்கு கிடையாது. இதை மாமாவிடம் படித்தே காட்டினேன். அதைவிட, 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில், நம்மைப்போல் மீன்பிடிக்கிற ஊரில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 10 பேருக்கு மேல் மாண்டதைச் சொன்னபோதுதான் அவர் தலை குனிந்தது. கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று குடித்தவர் சொன்னால், தூங்கினால் தெளியும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நினைவில்லாமல் வாந்தி எடுத்தால் மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மார்கழி லீவில் மகன் மறுபடி படகேறினான். மாமா இப்போது பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கேட்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனுக்கு 16. அவன் தொடங்கி ஆறு மாசமாகிறது. அவன் அம்மா அடித்துப் பார்த்தாள், சோறு போடாமல் பார்த்தாள். போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற எண்ணை அவள் வீட்டுக் காலண்டரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளை மீன் விற்றுத் திரும்பியதும், இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசப் போகிறோம்.