“ஹெட்செட்டைத் திருப்பி மாட்டு தம்பி!” - ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு சனிக்கிழமை போகாதே என்பார்கள். கூட்டம் அப்படி. ஆனால், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். மற்ற நாள்களில் எனக்கு ஷிஃப்ட், தம்பிக்கு காலேஜ். ஆக, ஒரு சனிக்கிழமை காலை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, அண்ணா சாலையைக் கடந்தோம். தம்பியின் பாக்கெட்டில் 2,500 ரூபாய். கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் அண்ணன்களோடு சேர்ந்து பந்தி பரிமாறி, ஐந்து முகூர்த்தங்களில் சேர்த்த காசு. அதை எங்கே செலவழிப்பது என்பதில் அவனுக்குத் துளியும் குழப்பமில்லை. கேமிங் ஹெட்செட்!

அவனுடைய பிரச்னை இதுதான். போனில் பி.ஜி.எம்.ஐ. விளையாடும்போது எதிரி எப்போதும் இடது பக்கத்திலிருந்து வந்து சுட்டுவிடுகிறான். “லெஃப்ட்ல வர்றான்டா, கேக்கலையா உனக்கு?” என்று டீமில் இருக்கும் நண்பர்கள் தினமும் திட்டுகிறார்கள். “இந்த இயர்போன் டப்பா அக்கா. ஸ்டெப்ஸே கேக்க மாட்டேங்குது” என்றான். ஸ்டெப்ஸ் என்றால் எதிரியின் காலடிச் சத்தம். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவன் பிழைப்பான்; மற்றவன் லாபிக்குத் திரும்புவான்.

காலை பதினொரு மணிக்கு மேல்தான் அந்தத் தெரு முழுதாகக் கண் விழிக்கிறது. தெரு என்று சொல்கிறேனே தவிர, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துத்தான் சென்னைக்காரர்கள் ‘ரிச்சி ஸ்ட்ரீட்’ என்கிறார்கள். அட்டைப்பெட்டிகளை வானம் வரை அடுக்கிக்கொண்டு மீன்பாடி வண்டிகள் நகர்கின்றன. தலைக்கு மேலே ஒயர்கள், கீழே டூவீலர்கள், நடுவில் நாம். ஒரு சந்தில் சால்டரிங் வாசம், அடுத்த சந்தில் சமோசா வாசம். “சொல்லுங்க மேடம், சி.சி.டி.வி-யா, லேப்டாப்பா?” என்று வாசலிலேயே மறிக்கும் குரல்கள். அப்பா டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் வாங்க என்னை இங்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாராம். எனக்கு அது ஞாபகமில்லை. பெல்ட் போட்ட அந்த டேப் ரெக்கார்டர் மட்டும் இன்னமும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

முதல் கடையில் தம்பியின் கண்கள் விரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி விளக்கு எரியும் ஹெட்செட். பெட்டியின் மேல் பெரிதாக ‘7.1 சரவுண்ட்’ என்று ஒரு ஸ்டிக்கர். தலையில் மாட்டிக்கொண்டவனுக்கு அந்த விளக்கு தெரியவே தெரியாது என்பதை நான் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கடையில் ப்ளூடூத் பட்ஸ். “கேமிங் மோட் இருக்கு பாஸ்” என்றார் கடைக்காரப் பையன். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிடும். சாதாரண பட்ஸ்களில் இது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் போகும். பாட்டு கேட்க அது ஒரு விஷயமே இல்லை. ஆனால், துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வந்தால் விளையாட்டில் என்ன பயன்? கேமிங் மோட் அதைக் குறைக்கும். ஒயர் அளவுக்கு வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. நண்பர்களோடு பேச மைக்கை ஆன் செய்தால், பல ப்ளூடூத் ஹெட்செட்களில் கேட்கும் ஒலியின் தரம் பழைய டெலிபோன் மாதிரி இறங்கிவிடும். “அப்போ ஒயர்தான்” என்று தம்பியே முடிவெடுத்தான்.

மூன்றாவது கடை, கடை என்றே சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. மாடிப்படிக்குக் கீழே, நான்கடி அகலம். உள்ளே அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். விலையைச் சொல்லாமல் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“எதுல விளையாடுற தம்பி? மொபைலா, பி.சி-யா, பிளேஸ்டேஷனா?”

“மொபைல்தாண்ணா. ஃப்ரெண்டு வீட்ல பி.சி-ல வேலரன்ட்டும் ஆடுவேன்.”

“அப்போ ஒரே பின் இருக்கறத எடு. பி.சி-க்குத் தனியா ஒரு ஸ்பிளிட்டர் வாங்கிக்கலாம். யு.எஸ்.பி. எடுத்துட்டு போன்ல சொருக முடியலன்னு அடுத்த வாரம் வந்து நிக்காத.”

ஹெட்செட்டின் 3.5 மி.மீ. பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் மைக்கும் அதே பின்னில் வருகிறது என்று அர்த்தமாம். சில கம்ப்யூட்டர்களில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஓட்டை இருக்கும். அங்கேதான் ஸ்பிளிட்டர் தேவைப்படும். நான் 7.1 பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். “உள்ள ஏழு ஸ்பீக்கர் இருக்குன்னு நெனச்சியா மா? பிரிச்சுப் பாத்தா காதுக்கு ஒண்ணு, மொத்தம் ரெண்டு. மீதியெல்லாம் கணக்கு.”

அந்தக் கணக்கு பொய்யில்லை. இடது பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது இடது காதை முதலில் அடையும். வலது காதுக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில், சற்று மெலிந்து போய்ச் சேரும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. முன்னா, பின்னா என்பதை நம் காது மடலின் மேடு பள்ளங்கள் ஒலியை மாற்றும் விதத்திலிருந்து ஊகிக்கிறது. இந்த வித்தியாசங்களைக் கணக்கிட்டு, இரண்டே ஸ்பீக்கரில் திசையை உண்டாக்க முடியும். வேலரன்ட்டில் இதற்கென்றே ‘ஹெச்.ஆர்.டி.எஃப்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது. விளையாட்டே அதைச் செய்யும்போது ஹெட்செட்டும் தன் பங்குக்கு 7.1 போட்டால், இரண்டு பேர் சேர்ந்து ஒரே குழம்புக்கு உப்புப் போட்ட கதைதான். ‘50 மி.மீ. டிரைவர்’ என்பதும் அப்படியே. ஸ்பீக்கர் பெரிது என்பதற்காக ஒலி நன்றாக இருந்துவிடாது.

அவர் மூன்று ஹெட்செட்களை எடுத்து வைத்தார். எதிலும் விளக்கு கிடையாது. ஒன்றை என் கையில் கொடுத்து, “கனமா இருக்கா பாருமா. கடையில ரெண்டு நிமிஷம் ஒண்ணும் தெரியாது. வீட்ல ரெண்டு மணி நேரம் போட்டா கழுத்து பேசும்” என்றார். தம்பி கண்ணாடி போடுபவன். காதுமேல் அழுத்துகிற ரகம் கண்ணாடிக் காம்போடு சேர்த்து நெரிக்கும் என்று அதை அவரே ஒதுக்கினார். ரெக்சின் மெத்தையையும் வேண்டாமென்றார். சென்னை வேர்வையில் அது செதில் செதிலாக உரிந்து காதெல்லாம் கறுப்பாகிவிடுமாம். “துணி வெச்சது எடு. அழுக்கானா கழட்டித் துவைச்சுக்கலாம்.”

தம்பி தன் போனில் செருகி மாட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“அண்ணா, லெஃப்ட் சைடு சவுண்டு கம்மியா இருக்கு.”

அவர் ஒன்றும் பேசாமல் இரண்டாவதைக் கொடுத்தார். அதிலும் லெஃப்ட் கம்மி. மூன்றாவதிலும் லெஃப்ட் கம்மி. எனக்குக் கோபம் வந்தது. மூன்றுமே டூப்ளிகேட்டா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், “ஹெட்செட்டைத் திருப்பி மாட்டு தம்பி” என்றார்.

திருப்பி மாட்டினான். இப்போது ஹெட்செட்டின் வலது பக்கம் அவனுடைய இடது காதில்.

“இப்போ எந்தப் பக்கம் கம்மி?”

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக இடது காதைத் தொட்டான்.

பின்னால் ஒரு வண்டிக்காரர் “ஓரம் போ, ஓரம் போ” என்று கத்திக்கொண்டே போனார். கடைக்காரர் மூன்று ஹெட்செட்களையும் பெட்டிக்குள் வைத்தார். “காச உள்ள வை. மொதல்ல காது டாக்டரப் பாத்துட்டு வா. இந்த பீஸு எங்கயும் ஓடிப்போகாது” என்றார். வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்ட ஒரு கடைக்காரரை நான் அந்தத் தெருவில் எதிர்பார்க்கவில்லை.

ஜூஸ் கடையில் சாத்துக்குடி வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் குடித்தான். “அம்மாகிட்ட சொல்லாதக்கா.”

சொல்லாமல் எப்படி? திங்கட்கிழமை இ.என்.டி. டாக்டரிடம் போனோம். முதலில் காதுக்குள் பார்த்துவிட்டு, இயர்போன் உள்ளே தள்ளித் தள்ளி அழுக்கு இறுகியிருப்பதாகச் சொல்லி எடுத்துவிட்டார். அவ்வளவுதான் என்று நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்லும் பரிசோதனை. வலது காதுக் கோடு நேராகப் போனது. இடது காதுக் கோடு 4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அதிக சத்தம் கேட்டவர்களின் காதில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழும் என்றார் டாக்டர். உள்காதில் இருக்கும் மயிரிழை போன்ற செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது.

“ரெண்டு காதுலயும்தானே கேட்டிருப்ப, ஏன் ஒண்ணு மட்டும்?” என்று டாக்டர் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். பதில் எனக்கும் தெரியும். எங்கள் வீடு இரண்டே அறை. அம்மா கூப்பிட்டு அவன் பதில் சொல்லாவிட்டால் வீடு ரெண்டாகும். அதனால் வருஷக்கணக்காக இடது காதில் மட்டும் இயர்போன். வலது காது அம்மாவுக்கு. அந்த வலது காது வழியாக மிக்ஸி, குக்கர், பக்கத்து வீட்டு டி.வி., தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் உள்ளே வரும். அவற்றைத் தாண்டிக் கேட்க இடது காதில் வால்யூமை முழுசாக வைப்பான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 80 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் 20 மணி நேரம். 90-ஐத் தொட்டால் வாரத்துக்கே சுமார் 4 மணி நேரம்தான். வீடியோ கேம் விளையாடுபவர்களின் செவித்திறன் பற்றி வந்த 14 ஆய்வுகளைத் தொகுத்து, 2024 ஜனவரியில் ‘பி.எம்.ஜே. பப்ளிக் ஹெல்த்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. விளையாடுபவர்கள் கேட்கும் ஒலி பல நேரங்களில் இந்த எல்லையை ஒட்டியோ, தாண்டியோ இருக்கிறது என்கிறது அது. டெஸ்க்கில் உட்கார்ந்து இதுபோன்ற செய்திகளை வாரத்துக்கு நாலு தட்டிவிடுகிற ஆள் நான். பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பவனின் காதை கவனிக்கவில்லை.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். “நான் கூப்பிடறதுக்காகவா ஒரு காதுல போட்டான்?” என்று ஒரு தடவை கேட்டார். அதற்கப்புறம் அன்றைக்கு ராத்திரி அவனைச் சாப்பிடக் கூப்பிடவே இல்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தட்டி அழைத்துவந்தார்.

அடுத்த வாரமே அதே படிக்கட்டுக் கடை. கடைக்காரர் எங்களை மறக்கவில்லை. “என்ன சொன்னாரு?” என்றார் தம்பியின் காதைப் பார்த்தபடி. சொன்னேன். ஓப்பன் பேக் என்று ஒரு ரகம் உண்டே, அதை வாங்கினால் அம்மா கூப்பிடுவதும் கேட்குமே என்று கேட்டேன். அதில் காதுக் கிண்ணத்தின் பின்புறம் வலைபோலத் திறந்திருக்கும். ஒலி விசாலமாக, இயல்பாக இருக்கும் என்று படித்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். “அமைதியான வீட்டுக்கு அது ராஜா மா. உங்க வீட்ல மிக்ஸி சத்தம் உள்ள வரும், திரும்பவும் வால்யூம ஏத்துவான். மூடினதே எடு. வெளிச் சத்தம் கொறஞ்சா பாதி வால்யூமே போதும்.” விலையும் நம் பட்ஜெட்டைத் தாண்டும் என்பதை அவர் சொல்லவில்லை, பெட்டியில் பார்த்துக்கொண்டேன்.

துணி மெத்தை, மூடிய கிண்ணம், ஒற்றைப் பின், கனமில்லாத ஒன்று. ஸ்பிளிட்டரோடு சேர்த்து 1,900 ரூபாய். பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. தம்பி பேசி 1,850 ஆக்கினான். அங்கேயே நின்று அவன் போனில் மீடியா வால்யூம் லிமிட்டை எடுத்து பாதிக்குச் சற்று மேலே பூட்டினேன். பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது. சில போன்களில் இந்த வசதி சவுண்டு செட்டிங்கில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

மிச்சம் 650 ரூபாயில் அம்மாவுக்கு ஏதாவது வாங்கலாம் என்றான். நரசிங்கபுரம் தெருவில் ஒரு காலிங்பெல் வாங்கினோம், ஒலிக்கிற அதே நேரம் பளிச்சென்று விளக்கு எரிகிற வகை. பட்டன் சமையலறை ஜன்னலோரம், விளக்கு அவன் உட்காரும் மூலையில். அம்மா இரண்டே நாளில் அதை மறந்துவிட்டார். கூப்பிட வேண்டுமென்றால் டியூப்லைட் சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் போடுகிறார். வீடு மொத்தமும் கண் சிமிட்டுகிறது. தம்பி ஹெட்செட்டைக் கழற்றி, “இன்னாம்மா?” என்கிறான்.

நேற்றும் இடது பக்கத்திலிருந்துதான் சுடப்பட்டான். நெட்வொர்க் ஸ்லோவாம்.