தகடூர்ச் சீமையில் ஒரு சைக்கிள்

மேட்டூர்,
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

கும்பகோணத்துப் பக்கம் பிறந்த நமக்கு மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். அரசலாற்றுப் பாலத்தில் எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் தீர்ந்தது, அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை வயல்மட்டம். அந்தக் காலத்துத் தகடூரான தருமபுரி மாவட்டத்தில் தரை ஓரிடத்திலும் சும்மா கிடப்பதில்லை. ஊர் எல்லை தாண்டியதும் சாலை இறங்கி ஓர் ஓடையைக் கடக்கும், உடனே ஏறும், ஏறிய இடத்தில் புளியமர நிழல், மறுபடி இறக்கம். பஸ்ஸில் போனபோது இதையெல்லாம் நான் சமவெளி என்றே நினைத்திருந்தேன். சைக்கிளில் போனால் ஒவ்வொரு மேட்டுக்கும் தொடை கணக்கு வைத்துக்கொள்கிறது.

உன் மகள் பின்லாந்தின் ஔலு நகரத்திலிருந்து அனுப்பிய படங்களைக் காட்டி, “நம்ம பக்கம் இப்படி ஓர் இடம் உண்டாடா?” என்று கேட்டாய். பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். உண்டு. ஆனால் அவள் ஓட்டுகிற மாதிரியே இங்கே ஓட்டிவிட முடியாது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஔலு இருப்பது 65-ஆம் அட்சரேகையில், கிட்டத்தட்ட ஆர்க்டிக் வட்டத்தின் வாசலில். அங்கே பனிக்காலத்திலும் பள்ளிப்பிள்ளைகள் சைக்கிளில்தான் போகிறார்கள். பனி கொட்டிய காலையில் முக்கியமான சைக்கிள் பாதைகளை முதலில் வழித்துவிட வேண்டும் என்று நகராட்சியே முறை வைத்திருக்கிறது. பெரிய சாலை குறுக்கே வந்தால் சைக்கிள்காரன் அதற்கடியில் சுரங்கப்பாதை வழியாகப் போய்விடலாம். குளிர்கால சைக்கிளுக்கென்று நடக்கும் உலக மாநாட்டை 2013-இல் முதன்முதலாகக் கூட்டியதும் அந்த ஊர்தான். அதோடு, காடு யாருடையதாக இருந்தாலும் அதில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பழம் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது அந்த நாட்டு வழக்கம்.

இங்கே நான் முதலில் ஏறியது வத்தல்மலை. தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அடிவாரம் வரை சோளமும் தென்னையும், பிறகு கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வாக இருக்கும். எதிரில் வண்டி இல்லை என்றால் வெளிப்பக்கமாக அகலமாக வளைந்து ஏறு, மூச்சு மிச்சமாகும். கீழேயே சின்னக் கியருக்கு மாறிவிட வேண்டும். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று அடித்துக் கழன்றுவிடும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதே. பிடித்து, விட்டு, பிடித்து வந்தால்தான் ரிம் சூடேறாது.

மேலே போனதும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் மேல் படர்ந்த மிளகும், அடியில் காப்பிச் செடிகளும். வாசல்களில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பெரியூர், பால்சிலம்பு என்று சின்னச் சின்ன ஊர்கள். இருப்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். இந்த மலைக்கு நல்ல சாலையும் பஸ்ஸும் வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன் நோயாளியையும் பிரசவ வலிகண்ட பெண்ணையும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில்தான் இறங்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாதைகள் இன்னும் இருக்கின்றன, வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, வேரும் கல்லுமாக. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவன் கண்ணில் பட்டால் உடனே இறங்கத் தோன்றும். நான் அதில் சைக்கிளை விடவில்லை. விறகுச் சுமையோடு ஒருவர் ஏறி வரும் பாதையில் நாம் வேகமாக இறங்குவது முறையல்ல. மேலே ஊருக்கும் ஊருக்கும் நடுவே, சாமை அறுத்த காடுகளின் ஓரமாக வண்டித்தடம் போகிறது. கேட்டுவிட்டு அதில் ஓட்டினேன். கேட்டதும் ஒரு பெரியவர், “அதுக்கென்னங்க, தாராளமா போங்க. நாய் மட்டும் கொலைக்கும்” என்றார். செம்மண், புல், நடுவில் பாறைத்தளம், பக்கத்தில் பள்ளத்தாக்கு. எந்த நாட்டுக்காரன் வந்தாலும் இதைவிட நல்ல தடம் கேட்கமாட்டான்.

நகரத்தை ஒட்டியே இன்னொரு செல்வம் இருக்கிறது. ராமக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரி, இலக்கியம்பட்டி ஏரி என்று ஊரைச் சுற்றி ஏரிகள். ஏரிக்கரை என்பது மழைக்காலத்திலும் மூழ்காத, லாரி வராத, இருபுறமும் பார்வை திறந்த பாதை. இந்தக் கரைகளை ஒன்றோடொன்று இணைத்து, முள் வெட்டி, நடுவில் வரும் சாலைகளைக் கடக்க வழி செய்துகொடுத்தால் போதும். பள்ளிக்கூடங்களில் அரசு கொடுத்த சைக்கிள் இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது! அந்தப் பிள்ளைகள் இன்று லாரிகளோடு ஒட்டிக்கொண்டு போகிறார்கள். தொப்பூர்க் கணவாயில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சரிந்து இறங்கும் இடத்தைப் பார்த்தால் உனக்கு வயிறு கலங்கும். பிரேக் பிடிக்காத லாரிகளால் அங்கே எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் சைக்கிளோடு போகவே போகாதே.

தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போனேன். பாப்பாரப்பட்டியில்தான் 1925 ஜூலை 23 அன்று சுப்பிரமணிய சிவா மறைந்தார். சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தவரை ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தது. அவர் நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். புண்ணான கால்களோடு அந்த மனிதர் இந்த மேடு பள்ளங்களை எப்படிக் கடந்திருப்பார் என்று நினைத்தபடியே மிதித்தேன். நினைவிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் விஷயம் முக்கியம். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் கறுத்தும் எலும்பு வளைந்தும் போன தலைமுறைகள் இங்கே உண்டு. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காக வந்ததுதான். டீக்கடையில் பாட்டிலை நிரப்பும் முன், “இது ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா?” என்று கேள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குச் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்குகிறது. மிதிக்கவே வேண்டாம். ஆனால் இது யானைக்காடு. இங்கிருந்து கிருஷ்ணகிரி பக்கம் விரியும் காடுகளில் 504 சதுர கிலோமீட்டரை 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். வெயில் ஏறிய பிறகு, வண்டிகள் போய்வரும் நேரத்தில் மட்டும் போனேன், தார்ச்சாலையை விட்டு ஓர் அடி விலகவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது இங்கே குற்றம். பின்லாந்துக் காட்டு வழக்கம் எனக்குப் பிடித்ததுதான், ஆனாலும் அதை இங்கே கொண்டுவரச் சொல்லமாட்டேன். சைக்கிள் சத்தமில்லாமல் வரும், வளைவில் நிற்கும் யானைக்கு அது தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டோரம் பிறந்தவர்கள் அதே காட்டுப் பாதையில் நடந்ததற்கே சந்தேகத்துக்கு ஆளான மண் இது. இங்கே வெளியூர்க்காரர்களின் பொழுதுபோக்குக்குக் காட்டை வெட்டித் தடம் போடலாம் என்று யாராவது சொன்னால், நான் எதிர்த்து நிற்பேன். ஏரிக்கரையும் மலைமேல் வண்டித்தடமும் இருக்கும்போது காடு எதற்கு?

ஒகேனக்கல்லைப் பற்றி அதிகம் எழுதவில்லை, நீ இரண்டு முறை போனவன். அந்தப் பகுதியில் கிடைக்கும் கார்பனடைட் பாறைகளுக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டு வயது என்பதை மட்டும் சேர்த்துக்கொள். பரிசலில் போனபோது அந்தப் பக்கத்துப் பாறைகளை வேறு கண்ணோடு பார்த்தேன்.

திரும்பிப் பென்னாகரம் ஏறி, ஏரியூர் வழியாக நாகமரைக்கு வந்தேன். மேட்டூர் அணையின் தேங்கிய நீர் அங்கே கடல் போல விரிந்திருக்கிறது. சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரை பண்ணவாடிக்குக் கடந்துவிடலாம். அணைக்காக ஊர்கள் மூழ்கியபோது விட்டுப்போன கோயிலின் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் நீர்மட்டம் இறங்கினால் தலைகாட்டும். இப்போது தண்ணீர் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. 1934-இல் கட்டி முடித்த அணை நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் தருகிறது என்று தெரியும். அதற்காக வீடு விட்டவர்களின் ஊருக்கு மேலே படகில் போகும்போதுதான் அது எனக்கு உறைத்தது. நம் ஊர் விவசாயிகள் ஒவ்வொருவரும் ஒருமுறை இந்தப் படகில் ஏற வேண்டும்.

நீ வருவதானால் மாசிக்குள் வா. பங்குனி வெயிலில் பாறை கொதிக்கும். டயர் அகலமாக இருக்கட்டும், காற்றைக் கொஞ்சம் குறைத்து வை. ஔலுவில் பனி வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர் போடுகிறார்கள், இங்கே நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் தாமாகவே பதிந்துகொள்ளும். உபரி டியூப் இரண்டு, பம்பு ஒன்று எடுத்துக்கொள். வத்தல்மலை மேலே பஞ்சர் கடை என் கண்ணில் படவில்லை. உன் மகள் விடுமுறைக்கு வந்தால் அவளையும் அழைத்து வா, பால்சிலம்புத் தடத்தில் அவளை முன்னால் விட்டு நாம் பின்னால் ஓட்டலாம்.

அன்புடன்,
உன் நண்பன்