கட்டணம் மட்டுமா செலவு?



தலைநகருக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பப் பாடுபடுகிற பெற்றோர் அநேகர். "செலவைப் பார்க்காதீர்கள், படிக்க வையுங்கள்" என்று நானும் பலமுறை பிரசங்க பீடத்திலிருந்து சொன்னதுண்டு. அந்தச் செலவு இன்னதென்பதை, ஐம்பது வயதைக் கடந்தபின் ஒரு கல்லூரி மாணவியிடம்தான் கற்றுக்கொண்டேன். அதை மறைக்காமல் எழுதுவது நலமென்று எண்ணுகிறேன்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜனக்புரியில் வசிக்கும் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று என்னை அவசரமாக அழைத்தது. தகப்பனார் வாடகைக் கார் ஓட்டுகிறவர். தாயார் பி பிளாக்கில் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறவர். பொது நுழைவுத் தேர்வு எழுதி, டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பொருளாதார ஆனர்ஸ் வகுப்பில் இடம் பெற்றிருந்தாள் அவர்களுடைய மூத்த மகள். ஆகஸ்ட் மாதத்தில் அதற்காகச் சபையில் நின்று சாட்சி சொன்னவர்கள், இப்பொழுது ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையின்மேல் ஒரு விடைத்தாள் கிடந்தது. 'அறிமுக நுண்ணியல் பொருளாதாரம்' என்ற பாடத்தில் 30-க்கு 9 மதிப்பெண்.

"போதும் ஐயா," என்றார் தகப்பனார். "துணிக்கடை ஒன்றில் பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு ஆள் கேட்கிறார்கள். இவள் வேலைக்குப் போகட்டும்."

"கட்டணம் கட்டியாயிற்றே! அத்தனை பணமும் வீணாகப் போவதா?" என்று அழுதார் தாயார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள். நான் சற்றும் யோசியாமல், "அம்மா சொல்வதுதான் சரி. கட்டின பணத்தை வீணாக்காதீர்கள்" என்றேன். அதுவரை தலைகுனிந்திருந்த மகள் மெதுவாக, "ஐயா, தவறாக நினைக்காதீர்கள். எங்கள் பாடத்தின்படி அது சரியான காரணம் அல்ல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "ஏன் மகளே?" என்று கேட்டேன்.

"கட்டின பணம் மூழ்கிய செலவு ஐயா. நான் படித்தாலும் அது திரும்பாது, நின்றாலும் திரும்பாது. ஆகவே இனி எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்கக்கூடாது. அப்பா சொல்வதுதான் உண்மையான செலவு. ஒன்றைத் தெரிந்துகொள்ளும்போது நாம் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பு எதுவோ, அதுவே அதன் விலை. அதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர்."

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். மாதம் 15,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 5,40,000 ரூபாய். கழிந்துபோன மூன்று மாதங்களை நீக்கினால் மீதி 33 மாதங்களுக்கு 4,95,000 ரூபாய். கட்டணம் அதற்குப் பக்கத்தில் சிறு தொகையாய் நின்றது. தகப்பனார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் ஓட்டினது போதாமல் இரவிலும் விமான நிலையத்துக்குச் சவாரி ஓட்டி அவர் ஈடுகட்டிக்கொண்டிருந்தது இந்தத் தொகையைத்தான். 'செலவைப் பார்க்காதீர்கள்' என்று நான் எளிதாகச் சொல்லிவந்த செலவும் அதுவே!

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவள் ஒன்பது மதிப்பெண் வாங்கினது எப்படி? விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. "சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இந்தப் பாடத்தை எனக்குத் தமிழில் சொல்லிக்கொடு. பருவத் தேர்வுவரை அப்பா பொறுத்துக்கொள்ளட்டும்" என்றேன். தகப்பனார் அரைமனதோடு சம்மதித்தார்.

முதல் சனிக்கிழமையே தடுமாற்றத்தின் ஒரு வேர் தெரிந்தது. ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தேவை' என்கின்றன. இவளோ ஆங்கிலத்தில் படித்ததை மனதுக்குள் தமிழாக்கி, நாம் வீட்டில் சொல்லுகிற தேவை என்றே புரிந்துகொண்டிருந்தாள். பொருளாதாரத்தில் அதன் பொருள் வேறு. விருப்பமும் வேண்டும், விலை கொடுக்கும் சக்தியும் மனமும் வேண்டும். அப்பொழுதுதான் அது தேவை. பசியோடு நிற்கிறவன் கையில் காசில்லையென்றால், அவன் பசி அந்தக் கோட்டில் ஏறாது. இலங்கைத் தமிழர் இதையே 'கேள்வி' என்றும், அளிப்பை 'நிரம்பல்' என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைச் சொன்னதும், "இது குழப்பவில்லை ஐயா" என்று சிரித்தாள்.

அடுத்த தடை வரைபடம். கணக்குப் பாடத்தில் காரணத்தைப் படுக்கைக் கோட்டிலும் விளைவை நிமிர்ந்த கோட்டிலும் குறிப்பது வழக்கம். பொருளாதாரத்திலோ விலை நிமிர்ந்த கோட்டில் ஏறி நிற்கிறது. 1890-இல் வெளிவந்த ஆல்ஃபிரட் மார்ஷலின் நூல் வழியாக நிலைபெற்ற வழக்கம் இது என்று அவள் தேடிக் கண்டுபிடித்தாள். காரணம் தெரிந்தபின் பயம் பாதி குறைந்தது.

மூன்றாம் பாடத்தை எங்களுக்கு வெங்காயமே கற்பித்தது. அந்த நாட்களில் டெல்லியில் வெங்காய விலை ஏறிக்கிடந்தது. "விலை ஏறியதால் தேவை குறைந்தது" என்று அவள் விடைத்தாளில் எழுதியிருந்தாள். அதற்கு மதிப்பெண் இல்லை. விலை ஏறும்போது நாம் வாங்குகிற அளவுதான் குறைகிறது; தேவைக்கோடு இருந்த இடத்திலேயே இருக்க, நாம் அதன்மேல் நகருகிறோம். வருமானம், விருப்பம் போன்றவை மாறினால்தான் கோடே இடம்பெயரும். அளிப்புக்கும் இதே விதி. மகசூல் குறைந்தால் அளிப்புக்கோடு இடப்புறம் நகரும், விலை ஏறும். 2023 அக்டோபர் இறுதியில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச விலையாக டன்னுக்கு 800 டாலர் விதித்ததும், வெளிநாடு செல்லும் சரக்கை உள்நாட்டுச் சந்தைக்குத் திருப்பும்படியே.

நான் டெல்லிக்கு வந்த 1998-ஆம் ஆண்டும் இப்படித்தான் இருந்தது. என் மனைவி கால் கிலோ வெங்காயம் வாங்கி, சாம்பாருக்கு எண்ணி நறுக்கினாள். அந்த ஆண்டு டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணமென்று இன்றும் சொல்லுகிறார்கள். எவ்வளவு விலை ஏறினாலும் எளிதில் விட முடியாத பொருளுக்குத் தேவை நெகிழ்ச்சி குறைவு என்று அவள் விளக்கியபோது, இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தின என் சமையலறை எனக்கு விளங்கிற்று.

வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்த நாட்களில், 'ஒய்கொனொமியா' என்ற சொல்லை நாம் தமிழில் உக்கிராணத்துவம் என்று சொல்லுவதைக் கற்றேன். வீட்டை நிர்வகித்தல் என்பதே அதன் பொருள். பொருளாதாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்த வேரிலிருந்தே பிறந்தது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிற மனிதனின் உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்த நான், பிறருடைய கோபுரத்துக்குக் கணக்குப் பாராமலே ஆலோசனை சொல்லிவந்தேன். இது எனக்கு வெட்கமாயிருந்தது.

டிசம்பரில் மறுபடியும் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்தோம். இம்முறை, "தகப்பனாரின் இரவு ஓட்டத்தை எப்படிக் குறைப்பது?" என்பதே கேள்வி. சபையின் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் சனி, ஞாயிறு மாலைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று. "சபைப் பிள்ளைகள்தானே, ஊழியமாகச் செய்யட்டுமே" என்று என் வாய் வரைக்கும் வந்தது. அவளுடைய அந்த மணி நேரங்களுக்கும் ஒரு விலை உண்டு என்பது நினைவுக்கு வரவே, அடக்கிக்கொண்டேன். எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பிள்ளைக்கு மாதம் 500 வீதம் 4,000 ரூபாய். பதினைந்தாயிரத்துக்கு அது ஈடல்ல. ஆனாலும் தகப்பனார் வாரத்தில் இரண்டு இரவுகள் வீட்டில் தூங்கினார்.

பருவத் தேர்வில் அவள் தேறினாள். முதல் வகுப்பு அல்ல, தேறினாள். முடிவு வந்த அன்று தகப்பனார் என்னிடம், "ஐயா, இந்தப் படிப்பு எனக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதே, அது போதும்" என்றார்.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு பாடத்தில் தவறும்போது, "இவ்வளவு பணம் கட்டினோமே" என்று சொல்லிக் காட்டாதிருங்கள். போனது போனதுதான். இனி என்ன ஆகும், எங்கே தடுமாறுகிறாய் என்று கேளுங்கள். வாலிபப் பிள்ளைகளே, உங்கள் கட்டண ரசீதில் எழுதப்படாத ஒரு தொகையை வீட்டில் யாரோ ஒருவர் செலுத்திக்கொண்டிருக்கிறார். அது யாரென்று அறிந்துகொள்ளுங்கள். என் உடன் ஊழியர்களே, நாமோ ஆலோசனை சொல்லுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுவோம்.

இப்பொழுதும் சில சனிக்கிழமைகளில் அவள் புத்தகத்தோடு வருகிறாள். சந்தை நிர்ணயிக்கும் சமநிலை விலை நியாயமான விலைதானா என்று நான் கேட்டதற்கு, "அது அடுத்த பாடம் ஐயா" என்கிறாள். நான் காத்திருக்கிறேன்.