உழவுச்சாலில் ஓர் ஆக்காட்டி முட்டை

மரத்தில் கூடு கட்டாத பறவைகள் மானாவாரிக் காடுகளில் நிறைய உண்டு. ஆக்காட்டி, கவுதாரி, காடை, மயில் எல்லாமே தரையில்தான் முட்டையிடும். அதனால் வெறும் நிலத்தில் கிடக்கும் முட்டையைப் பார்த்து, 'பாவம், கூட்டை விட்டு விழுந்துவிட்டது' என்று எடுத்து வருகிறவர்கள், பல நேரம் கூட்டிலிருந்தே எடுத்து வந்துவிடுகிறார்கள்.

ஆக்காட்டியின் கூடு கூடு மாதிரியே இருக்காது. கையகலப் பள்ளம், சுற்றிலும் சிறு கற்கள், கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை. அவ்வளவுதான். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள், பெரும்பாலும் நான்கு, கூர்முனை உள்பக்கம் பார்த்தபடி இருக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

ராசிபுரம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஒரு பெண் விவசாயிக்கு, ஒரு சித்திரை மாதத்தில் இந்தச் சிக்கல் வந்தது. கணவர் லாரி ஓட்டுகிறவர். வெள்ளாமை முழுக்க அவர் பொறுப்பு. கோடை மழை பெய்து இரண்டு நாளாகியிருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும் என்று, மணிக்கணக்கு வாடகைக்கு டிராக்டர் பிடித்திருந்தார்.

நாலு சுற்று ஓடியிருக்கும். டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

"ஏனுங்க்கா, இந்தக் குருவி என்ன இப்புடி மேல மேல வந்து விழுகுது?"

ஜோடி ஆக்காட்டி. ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறக்க, இன்னொன்று தரையில் ஓடியது. கலப்பைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த மகள், ஏழாம் வகுப்பு படிப்பவள், சால் ஓரத்தில் ஒரு முட்டையைப் பார்த்தாள். டயர் தள்ளிய மண்ணோடு உருண்டிருந்தது, ஆனால் உடையவில்லை. துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"தம்பி, இந்தப் பக்கம் நிறுத்திக்கோ. மேற்கால ஓட்டிட்டு இரு."

"அடுத்த காட்டுக்காரரு காத்துக்கிட்டு இருக்காருங்க்கா."

"தெரியுது. அரை மணி நேரம் மேற்கால ஓட்டு, வந்துடறேன்."

வீட்டில் கருப்புக் கோழி ஒன்று பத்து நாளாக அடையில் இருந்தது. அதற்கடியில் முட்டையை வைத்துவிடலாம் என்று மகள் நின்றாள். அம்மாயி கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கோழி இன்னும் பதினொரு நாள்ல குஞ்சு பொரிச்சு எந்திரிச்சுப் போயிரும், அம்மிணி. இது பொரிக்க அதுக்கு மேல நாளாகும். பாதியில ஆறிப்போன முட்டைய என்ன பண்ணுவ? அப்படியே பொரிச்சாலும், நான் ஒருதரம் கவுதாரி முட்டைய வச்சுப் பார்த்தவதான். கோழி கூப்பிட்டா குஞ்சுக்குப் புரியல. ஒண்ணொண்ணா வேலிக்குள்ள ஓடிப் போயிருச்சு. ஒண்ணும் தங்கல."

கணக்கு சரிதான். கோழி முட்டை பொரிக்க 21 நாள். ஆக்காட்டிக்கு 28 முதல் 30 நாள். குஞ்சு வெளியே வந்த பிறகு ஆபத்தைக் கண்டால் எங்கே படுக்க வேண்டும், எந்தச் சத்தத்துக்கு அசையாமல் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் தாய்ப் பறவையின் குரலை வைத்துத்தான்.

மூவரும் காட்டுக்குத் திரும்பினார்கள். கூடு எங்கே என்று தேடி நடக்க அந்தப் பெண் விடவில்லை. கால் பட்டால் மிச்சமும் போய்விடும். தூரத்து வேப்பமர நிழலில் அசையாமல் நின்றார்கள். கத்தல் அடங்கியது. பெட்டையோ சேவலோ, ஒன்று தரையில் இறங்கி, நேராகப் போகாமல் அங்கே நாலடி இங்கே நாலடி என்று நடந்து, ஓரிடத்தில் உட்கார்ந்தது. அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் மூன்று முட்டைகள், கடைசிச் சாலிலிருந்து இரண்டடி தள்ளி. நான்காவதைக் கூர்முனை உள்ளே வைத்துச் சேர்த்துவிட்டு உடனே விலகினார்கள். கால் மணி நேரத்தில் பறவை திரும்பி வந்து அமர்ந்தது.

மனிதக் கை பட்ட முட்டையைப் பறவை ஒதுக்கிவிடும் என்று ஊரில் சொல்வதுண்டு.  ஆனால் பெரும்பாலான பறவைகள் கை வாசத்துக்காக முட்டையை விடுவதில்லை. ஆள் அங்கேயே நின்றுகொண்டிருந்தால்தான் திரும்ப முடியாமல் போகும். சித்திரை வெயிலில் மூடப்படாமல் கிடக்கும் முட்டை சீக்கிரமே வெந்துவிடும்.

பத்தடிக்குப் பத்தடி உழாமல் விட்டார்கள். நூறு சதுர அடி, கால் சென்ட்கூட இல்லை. நான்கு மூலையிலும் முழங்கால் உயரக் குச்சி மட்டும். மேலே ஓலைப்பந்தல் போட வேண்டும் என்று மகள் கேட்டாள். பந்தலும் உயரக் கம்பும் காக்கைக்கு உட்காரும் இடமாகிவிடும் என்று தடுத்துவிட்டார். பகலில் நாயைக் கட்டிப் போட்டார்கள். தினமும் போய்ப் பார்க்கவும் கூடாது. நடந்த தடத்தைப் பிடித்துக் கீரி வரும்.

வெயில் ஏறிய நாட்களில் பறவைகள் மாட்டுத் தொட்டியடியில் தேங்கிய தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு போயின. முட்டைகளின் சூட்டைத் தணிக்க அவை கையாளும் வழி அது.

இருபத்து மூன்றாம் நாள் காலை மூன்று குஞ்சுகள். அன்று மாலைக்குள் வரப்போரம் நடந்து போய்விட்டன. ஒரு முட்டை பொரிக்காமல் கிடந்தது.

"நான் எடுத்துட்டு வந்ததுதான் அதுவா, அம்மாயி?"

"நாலும் ஒரே மாதிரிதான இருந்துச்சு. எதுன்னு யார் சொல்றது?"

அந்தத் துண்டை மறுவாரம் மண்வெட்டியால் கொத்திவிட்டார்கள். ஆனியில் கடலை போட்டபோது அங்கேயும் விதை விழுந்தது.

இதே வேலை எல்லா முட்டைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மரக்கூட்டிலிருந்து விழுந்த முட்டை விரிசல் இல்லாமல் இருந்து, கூடும் கைக்கெட்டும் உயரத்தில் தெரிந்தால், மெதுவாக எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். விரிசல் விட்டது பிழைக்காது. பல்பு வெளிச்சத்திலும் பஞ்சிலும் வைத்துப் பொரிக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண். கோழி முட்டைக்கே 37.5 டிகிரி வெப்பம் ஏறாமல் இறங்காமல் வேண்டும், ஈரப்பதம் வேண்டும், கரு ஓட்டோடு ஒட்டாமலிருக்க ஒரு நாளில் பலமுறை திருப்ப வேண்டும். தப்பிப் பொரித்தாலும் மைனா, சின்னான் குஞ்சுகள் கண் திறக்காமல் வெறும் உடம்பாகப் பிறப்பவை. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை விடாமல் இரை ஊட்ட வேண்டும்.

மக்காச்சோள அறுவடையில் மயில் முட்டை கண்ணில் பட்டால் இன்னும் கவனம் தேவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையாடுவதற்குச் சமம். மயிலோ முதல் பட்டியலில் இருக்கிறது. பயிரைத் தின்கிறதே என்ற ஆத்திரம் நியாயமானதுதான். ஆனாலும் முட்டையை உடைத்தாலும் வழக்கு வரலாம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கு அடை வைத்தாலும் வரலாம். அந்த இடத்தை விட்டு அறுத்துவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்வதே பாதுகாப்பு.

மாசியிலிருந்து ஆவணி வரை, டிராக்டரை இறக்கும் முன் காட்டைக் குறுக்காக ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. ஓரிடத்தில் மட்டும் ஆக்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால், அங்கே கூடு இருக்க வாய்ப்பு அதிகம். குச்சி நட்டுவிட்டு மற்ற இடத்தை உழலாம். வண்டுகளையும் புழுக்களையும் பொறுக்கித் தின்னும் பறவைக்குக் கால் சென்ட் நிலத்தை ஒரு மாதம் விட்டுக்கொடுப்பதில் வெள்ளாமை குறைந்துவிடாது.