உஸ்தாத் வீட்டுத் தொலைபேசி

2024 ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் டாக்காவில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே மாணவர் போராட்டம். வியாழன் இரவிலிருந்து இணையம் இல்லை. ஊரடங்கும் போட்டுவிட்டார்கள்.

"ஸேர், நீங்க கெய்ரோவில இப்படி அகப்பட்டு வந்த ஆள்தானே. புள்ள என்ன செய்யணும், நாங்க என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்று, கடைசியில் ஒன்று கேட்டார்.

"வீட்ட போனா இவட உம்மா கேப்பா. அவக்கு என்னத்தச் சொல்ற?"

அதற்கு உடனே என் வாயில் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2011 ஜனவரி. தம்பி அல்-அஸ்ஹரில் படித்துக்கொண்டிருந்தான். கிழக்கில் வெள்ளம் அப்போதுதான் வடிந்துகொண்டிருந்தது. சீட்டெடுத்த காசில் டிக்கற் முன்பே போட்டிருந்ததால் அவனைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டேன். எனக்கு இரண்டு ஆசைகள். அஸ்ஹர் பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆத் தொழ வேண்டும். தஹ்ரீர் சதுக்கத்து நூதனசாலையில் பிர்அவ்ன்களின் உடல்களைப் பார்க்க வேண்டும். இரண்டும் நிறைவேறவில்லை. அந்த உடல்களை 2021இல் வேறு நூதனசாலைக்கு மாற்றிவிட்டார்கள்.

தம்பி நஸ்ர் சிட்டியில் நாலு பேருடன் ஓர் அறை எடுத்திருந்தான். கீழ்மாடியில் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர் ஒருவர் குடும்பத்துடன் இருந்தார். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றார்கள். நானும் ஒரு வாத்தி என்று தெரிந்ததும் தினமும் தேநீருக்குக் கூப்பிட்டார்.

ஜனவரி 25 செவ்வாய், பொலிஸ் தினம், விடுமுறை. நூதனசாலைக்குப் போக உடுத்திக்கொண்டு படியிறங்கினோம். உஸ்தாத் கதவடியில் நின்று மறித்தார். "இன்று அந்தப் பக்கம் வேண்டாம். நூதனசாலை 1902இலிருந்து அங்கேதான் நிற்கிறது. உங்களுக்காக இன்னும் இரண்டு நாள் நிற்கும்" என்றார். அன்று மாலை தொலைக்காட்சியில் அந்தச் சதுக்கத்தைக் கண்டபோது, வழிகாட்டிப் புத்தகத்தைவிடப் பக்கத்து வீட்டாரின் வாய்ச்சொல் பெரிது என்று விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை எழும்பினால் இணையம் இல்லை. கைத்தொலைபேசியும் செத்துக் கிடந்தது. அன்று ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல்களிலிருந்தே ஊர்வலங்கள் புறப்படப் போகின்றன என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அஸ்ஹர் ஆசையை விட்டுவிட்டு, அறைக்குப் பக்கத்துச் சிறிய பள்ளியில் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பினால் தம்பி இல்லை. செருப்பும் இல்லை.

முதல் நாள் இரவு அவன் கேட்டிருந்தான். "காக்கா, முப்பது வருஷமா ஒரே ஆள்தான் ஜனாதிபதி. என்னோட படிக்கிற பொடியனெல்லாம் போறானுகள். நாம ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வருவமா?" "நாம விருந்தாளி. இது அவங்கட வீட்டுப் பிரச்சின" என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அவன் படுக்கவில்லை போலும்.

மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்று தொலைக்காட்சி சொன்னது. கஸ்ருந் நீல் பாலத்தில் தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆளுங்கட்சித் தலைமையகம் எரிந்தது. பக்கத்தில்தான் நூதனசாலை. ஒவ்வொரு படத்திலும் நான் தம்பியின் நீலச் சட்டையைத் தேடினேன்.

ஏழு மணியளவில் உஸ்தாத் என்னைக் கீழே கூப்பிட்டார். அவர் வீட்டுத் தொலைபேசி வேலை செய்தது. "உம் தாய்க்குப் பேசு" என்று கையில் தந்தார். ஊரில் அப்போது இரவு பத்தரை. முதல் மணியிலேயே உம்மா எடுத்தா.

"மகன், டீவியில நெருப்புக் காட்டுறானுகள். தம்பி எங்க?"

"உறங்குறான் உம்மா."

என் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியவில்லை. ஒரு கணம் அங்கே சத்தமில்லை. பிறகு, "சரி, உறங்கட்டும்" என்றா.

ஒன்பது மணிக்கு மேல் தம்பி வந்தான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. சட்டையில் வினாகிரி மணம். கண்ணீர்ப்புகைக்கு அங்கே துணியில் வினாகிரி நனைத்து முகத்தில் வைக்கிறார்கள். நான் அவனை அறைந்தேன். இருபத்திரண்டு வயதுப் பொடியனை, அவனுடைய கூட்டாளிகளுக்கு முன்னால். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பதினெட்டு நாட்களில் குறைந்தது 846 பேர் இறந்தார்கள் என்று அரசின் உண்மையறியும் குழுவே பின்னர் சொன்னது. அந்தக் கணக்கை வாசித்தபோதும் அறைந்ததற்கு எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

அன்றிரவு பொலிஸார் தெருக்களை விட்டுப் போய்விட்டார்கள். சிறைகள் உடைந்தன, கொள்ளையர் வருகிறார்கள் என்று அடுத்தடுத்து கதைகள். ஒவ்வொரு தெருவிலும் ஆண்கள் பொல்லுடனும் இரும்புக் கம்பியுடனும் இறங்கினார்கள். மேசை, கட்டில், குப்பைத் தொட்டி எல்லாம் தெருவுக்குக் குறுக்கே வந்தன. நானும் தும்புத்தடியின் கம்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். உஸ்தாத் அதை வாங்கி ஓரமாக வைத்தார். "உன்னை இங்கே எல்லோருக்கும் தெரியாது. இருட்டில் அந்நிய முகம் ஆபத்து. தேநீர் ஊற்று, அது போதும்" என்றார்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு 1990 வந்தது. எனக்குப் பத்து வயது. அந்த ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்களும் இப்படித்தான் முறைவைத்துக் காவல் நின்றார்கள். வாப்பா போன இரவுகளில் நாங்கள் விழித்துக் கேட்டால் உம்மா சொல்லுவா: "வாப்பா மற்ற அறையில உறங்குறார், சத்தம் போடாம படுங்க."

ஜனவரி 31 காலை எனக்கு விமானம். ஊரடங்கு நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. நஸ்ர் சிட்டி விமான நிலையப் பக்கமே இருந்ததால் நகர மத்தியைக் கடக்கத் தேவையில்லை. அது அல்லாஹ் தந்த வசதி. ஆனால் வழியெல்லாம் மறிப்பு. உஸ்தாத் கேட்காமலே டாக்சியின் முன் ஆசனத்தில் ஏறினார். ஒவ்வொரு மறிப்பிலும் இறங்கி, "இவர் என் விருந்தாளி, ஆசிரியர்" என்றார். என் கடவுச்சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது. அதை ஓரிடத்தில்தான் கேட்டார்கள். திரும்பிப் போகும்போது அவருக்காக யார் சொல்லுவார் என்று நான் யோசித்தது விமானம் கிளம்பிய பிறகுதான். இரண்டு நாள் கழித்து நகரில் வெளிநாட்டாரும் பத்திரிகையாளரும் தாக்கப்பட்டார்கள்.

தம்பி வரவில்லை. "பரீட்சையை விட்டுட்டு வர ஏலாது காக்கா" என்றான். அறைந்த கை எனக்கு, கட்டாயப்படுத்த வாய் எழவில்லை. அவனை உஸ்தாதிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். பெப்ரவரி 11இல் முபாரக் பதவி விலகினார். அதுவரை உம்மா என்னுடன் சரியாகப் பேசவில்லை.

டாக்காப் பிள்ளையின் வாப்பாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பிள்ளை விடுதியை விட்டு இறங்க வேண்டாம். உணவும் தண்ணீரும் சில்லறைக் காசும் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டும் அதன் பிரதியும் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். பாலம், சதுக்கம், பெரிய சந்தி எதற்கும் போகக் கூடாது. யன்னலில் நின்று படம் எடுக்கக் கூடாது. தூதரகத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளை முகம் தெரிந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் வேண்டும்.

அவருடைய கடைசிக் கேள்விக்கான பதில் என் உம்மாவிடம்தான் இருந்தது. தம்பி பட்டம் முடித்து ஊர் வந்த பிறகு ஒருநாள், அன்றிரவு நான் சொன்னது பொய் என்று உம்மாவிடம் சொல்லி அழுதேன். உம்மா வெற்றிலையை மடித்தபடி சொன்னா:

"உறங்குறான் எண்டு நீ சொல்லக்குள்ளயே எனக்குத் தெரியும். எழுப்பித் தாறன் எண்டு நீ சொல்லலியே. அந்தப் பொய்ய உங்களுக்குப் பழக்கினதே நான்தானே மகன். விடியும் வரைக்கும் முசல்லாவில தனிய இருந்தன். தெரியா எண்டு நீ சொல்லியிருந்தா பக்கத்து வீட்டாள்களையாவது கூப்பிட்டிருப்பன்."

பள்ளிவாசல் படியில் நின்றவரிடம் அதையே சொன்னேன். "தெரியா எண்டே சொல்லுங்க. ஆனா அவவத் தனிய விட்டுட்டு எங்கயும் போகாதீங்க." அவர் தலையசைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அடுத்த வாரம் இணையம் திரும்பியது, பிள்ளையின் குரலும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.