ஈயக்குட்டையில் அப்பாவின் தூண்டில்

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவளுக்கு ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பதே பெரிய தண்டனை. அன்று மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா, எதிரே பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் ஓர் ஈயக்குட்டை.

ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்கு அரை மணி நேரப் பயணம். அங்கிருந்து தஞ்சோங் துவாலாங் சாலையில் போனால் செம்பனைக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே குட்டை குட்டையாக வந்துகொண்டே இருக்கும். எல்லாம் பழைய ஈயச் சுரங்கங்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த கிந்தா பள்ளத்தாக்கு இது. 1985இல் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது, தண்ணீரில் மீன் வந்தது. இதே சாலையில்தான் 1938இல் கட்டிய ஐந்தாம் எண் ஈயக்கப்பல் நிற்கிறது. 44 ஆண்டுகள் தோண்டிவிட்டு 1982இல் ஓய்ந்த கப்பல் அது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இவ்வளவு பெரிய இரும்பு எப்படித் தண்ணீரில் மிதந்தது என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மதியத்தோடு வேலை முடிந்தால் தூண்டிலும் மண்புழு டின்னுமாகக் கிளம்பிவிடுவார். சம்பளம் வரும் வரைக்கும் குழம்புக்கு அந்த மீன்தான். மோட்டார்சைக்கிளில் பின்னால் அண்ணன்கள் இருவரும் தொற்றிக்கொள்வார்கள். என்னை ஒரு நாளும் ஏற்றியதில்லை. “பொம்பளப் புள்ளைக்குக் குட்டையில என்ன வேலை?” அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் அழுது பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம்.

போன ஜூன் மாதக் கடைசியில் திடீரென்று கேட்டேன். “அப்பா, என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க.” எழுபதைத் தாண்டியவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “வரேன்னா வா பாப்பா. ஆனா இப்போ குஞ்சு நேரம் இல்ல. மீனைத் தேடணும்.”

குஞ்சு நேரம் என்றால் என்ன என்று போகும் வழியில்தான் சொன்னார். மழை பிடித்த பிறகு திலாப்பியாவின் ஆண் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் தட்டு மாதிரி குழி பறித்து வைத்துக் காவல் நிற்கும். அங்கே முட்டையிடும் பெண், முட்டையை வாயிலேயே அள்ளி வைத்துக் காக்கும். தோமான் மீனின் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டமாய்த் திரியும், தாயும் தகப்பனும் கீழேயே நிற்கும். பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும், அதனால் பிடிப்பது சுலபம். வட அமெரிக்க ஏரிகளில் சன்ஃபிஷ் என்றொரு மீனும் இப்படித்தான் கரையோரம் குழி போட்டுக் காவல் நிற்கும். குழிக்காலம் முடிந்தால் அங்கேயும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்பா குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் போடுவதில்லை. ஒரே ஒரு முறை போட்டாராம். தோமானைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தச் சிவப்புக் கூட்டம் பாதிகூட இல்லை. “காவல் நிக்கிறதைப் பிடிக்கிறதுல என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கு?” என்றார்.

குஞ்சு இல்லாத நேரத்தில் வேறு கணக்கு. வெயில் ஏறினால் மீன் கரையை விட்டு இறங்கிவிடும். ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் அப்பா தூண்டிலைத் தொடாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுகிக் கிடக்கும் மரம், ஆகாயத்தாமரையின் ஓரம், கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் வாய், இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். தோமானுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றுக் குடித்தே ஆக வேண்டும். ‘ப்ளக்’ என்று எங்கே கேட்கிறதோ அங்கே அது இருக்கிறது. திலாப்பியாவுக்கு ரொட்டியைப் பிசைந்து முள்ளில் வைத்தார். கடிக்கவில்லை என்றால் இடத்தை மாற்றாமல், தக்கையை ஒரு சாண் மேலே ஏற்றி இரையை இன்னும் ஆழத்துக்கு இறக்கினார். நான்காவது சாணில் தக்கை ஆடியது. என் பொறுமை இரண்டாவது சாணிலேயே தீர்ந்துபோயிருந்தது.

கரையிலிருந்து தக்கைக்கு அப்பால் தண்ணீரின் நிறம் சட்டென்று கறுத்த இடத்தைப் பார்க்க எழுந்து நடந்தேன். “அங்க நில்லு!” அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் இப்படித்தான் முழங்கால் தண்ணீரில் நடந்து போயிருக்கிறான். ஈயக்குட்டையின் கரை குளத்துக் கரை போலச் சரிந்து போவதில்லை. சுரங்கம் வெட்டின சுவர் அப்படியே கீழே இறங்கும், மேலே இருப்பதெல்லாம் தளர்ந்த மணல். தேடி இறங்கியவர்களில் அப்பாவும் ஒருவர். “நான்தான் கையில புடிச்சேன்.” நான் பிறந்த வருடம் அது.

அண்ணன்களை மட்டும் ஏன் கூட்டிப் போனீர்கள் என்று கேட்டேன். “அவனுங்க என்னைக் கேக்காமலே போயிருப்பானுங்க. கண்ணு முன்னால இருக்கட்டும்னுதான்.”

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். சில குட்டைகளை மீன் வளர்ப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள், கேட்டுவிட்டு இறங்குங்கள். இறங்குங்கள் என்றால் கரைக்கு மட்டும். தண்ணீரில் ஒரு காலையும் வைக்காதீர்கள்.

பத்து மணிக்குள் ஐந்து திலாப்பியா. அதில் ஒன்று என்னுடையது, இருப்பதிலேயே சிறியது. தோமான் நாலைந்து தடவை ‘ப்ளக்’ என்று காட்டிவிட்டுப் போனது, கடிக்கவில்லை. வரும் வழியில் பத்து காஜாவில் தே குடித்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா மீனைப் புளியும் மஞ்சளும் போட்டு இரண்டு தடவை கழுவினார், சேற்று வாடை போக. “இந்தக் குட்டியை யார் பிடிச்சது?” என்றார். அப்பா என் பக்கம் கையைக் காட்டிவிட்டு, மண்புழு டின்னைக் கழுவப் போனார்.