மூன்று பக்கம் கல்... நான்காவது பக்கம் ஆறு! டெலவேர் வெடிமருந்து ஆலையில் ஒரு நாள்

எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம். கருமருந்து வாசனை எனக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, "வில்மிங்டன்ல பழைய வெடிமருந்து ஆலையை மியூசியமா வச்சிருக்காங்க, வர்றியா?" என்று அத்தான் கேட்டதும் கிளம்பிவிட்டேன். பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தாவும் காரில் ஏறிக்கொண்டார். ரைஃபிள் போட்டிகளுக்குப் போகிறவர். தன் தோட்டாக்களுக்குத் தானே மருந்து நிரப்புகிறவர்.

ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டெலவேர் மாநிலத்தின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஹேக்லி மியூசியம். லவாய்சியேவிடம் தொழில் கற்ற பிரெஞ்சுக்காரர் இ.ஐ.டூபாண்ட், 1802-ல் இங்கே ஆலை தொடங்கினார். வெடியுப்பு, கந்தகம், கரி... நம்மூர்க் கலவைதான். வெடியுப்பு இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்திருக்கிறது!

கலவையை இரும்பு உருளைகளில் அரைத்து, அழுத்தி, உடைத்து, சலிப்பார்கள். பெரிய மணி பீரங்கிக்கு, குருணை மாதிரிச் சிறியது துப்பாக்கிக்கு. ஏன் அப்படி?

"பெரிய மணி மெதுவா எரியும், சின்னது சட்டுனு எரியும். இன்னைக்கும் மருந்து வாங்கும்போது நாங்க முதல்ல பார்க்கிறது அந்த வேகத்தைத்தான்" என்றார் தாத்தா. இன்றைய ரைஃபிளில் கருமருந்து கிடையாது, புகையில்லாத மருந்துதான். அதிலும் கனமான குண்டுக்கு மெதுவாக எரிவது, லேசான குண்டுக்குக் கொஞ்சம் வேகமானது என்று பொருத்தம் பார்க்க வேண்டும். வெயிலிலும் குளிரிலும் வேகம் மாறாத மருந்தாக இருந்தால் நல்லது. டப்பா தீர்ந்து வேறு லாட் எண் வாங்கினால், பழைய அளவை அப்படியே போடாமல் குறைத்து ஆரம்பிக்க வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டவே கூடாது; தாண்டினால் துப்பாக்கியே வெடிக்கும்.

"ரொம்ப வலுவான மருந்து எனக்கு வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எரியணும். அப்பதான் குண்டு ஒரே இடத்துல போய் விழும்" என்றார்.

அந்த 'ஒரே மாதிரி'க்கு இந்த ஆற்றங்கரை கொடுத்த விலை பெரிது. அரைக்கும் கட்டடங்களுக்கு மூன்று பக்கமும் தடித்த கல் சுவர். ஆற்றைப் பார்த்த நான்காவது பக்கமும் கூரையும் மட்டும் லேசானவை. வெடித்தால் அதன் வேகம் பக்கத்துக் கட்டடத்தைத் தாக்காமல் ஆற்றுப் பக்கம் போகத்தான் இந்த ஏற்பாடு. 'ஆற்றைத் தாண்டிட்டான்' என்றால், தொழிலாளர் பேச்சில் 'செத்துவிட்டான்' என்று அர்த்தமாம். 1921-ல் ஆலையை மூடும்வரை 288 வெடிவிபத்துகள். 228 பேர் பலி.

மேட்டில் டூபாண்ட் குடும்பத்தின் வீடு. ஆலையிலிருந்து கூப்பிடு தூரம்தான். கீழே வெடித்தால் முதலாளி வீட்டு ஜன்னலும் நொறுங்கும். கொஞ்ச நேரம் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு ஊருக்கு வீடியோ கால் போட்டேன். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது இரண்டு விரல்களை இழந்தவர் என் பெரியப்பா. போட்டோக்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓடுறதுக்கு எத்தனை வாசல்டா வச்சிருந்தாங்க?"

"மூணு பக்கமும் கல்லு பெரியப்பா. ஒரு பக்கம் ஆறு."

அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.